கேட்போர் அறிந்து உரைத்தல்

ஒரே சொல்லாயினும், அதனைச் சொல்லும் இடமும் கேட்கும் செவியும் வேறுபடின் அதன் பயனும் வேறுபடும். தாய் தன் மகவுக்குக் கூறும் புத்திமதியை அவ்வாறே ஓர் அமைச்சன் தன் அரசனுக்குக் கூறுவானாயின் அது அவமதிப்பாய் முடியும். நீதிமன்றத்திற் பேசுவதுபோல ஒருவர் மணவீட்டிற் பேசத் தொடங்கினால் கேட்போர் நகைப்பர். இஃது எல்லாரும் அறிந்த உண்மையே. ஆயினும் மேடையேறும் பொழுதும் எழுதுகோலைக் கையில் எடுக்கும் பொழுதும் நம்மிற் பலர் இதனை மறந்துவிடுகின்றோம். பிறர் உள்ளத்தை ஒரு கருத்தின்பாற் கொண்டுவருதற்கு வேண்டுவன யாவை என்பதனை நம் பழந்தமிழ் நூல்களின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண நூலார் கருத்து

தொல்காப்பியனார் செய்யுளியலிற் செய்யுளின் உறுப்புக்கள் முப்பத்து நான்கினை வகுத்துக் கூறுகின்றார். எழுத்து, அசை, சீர், அடி முதலிய ஓசை உறுப்புக்களை மாத்திரம் கூறி அவர் அமையவில்லை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, முன்னம், துறை என்பனவற்றையும் அவ்வுறுப்புக்களுள் வைத்து எண்ணுகின்றார். கூற்று என்பது சொல்பவர் யார் என்பது. கேட்போர் என்பது அச்சொல்லை ஏற்பவர். களனும் காலமும் சொல் நிகழும் இடமும் பொழுதும் ஆகும். பயன், அதனால் விளைவது. மெய்ப்பாடு, உள்ளத்து உணர்ச்சி புறத்தே புலனாதல். முன்னம் என்பது இன்ன இடத்து இன்ன சொல் இன்னார் இன்னார்க்குச் சொல்லத் தக்கது என்று பொருத்தம் நோக்கி அறியச் செய்வது. துறை என்பதோ, ஒரு பாட்டு எவ்வகைச் சூழலில் எந்த மரபினைப் பற்றி எழுந்தது என்பதைக் காட்டுவது.

கேட்போரைச் செய்யுளின் உறுப்பு என்று கூறியதன் நுட்பத்தை மாணவர் சிந்தித்தல் வேண்டும். கை, கால், கண் என்பன உடலின் உறுப்புக்கள். அவற்றுள் ஒன்று இல்லையாயின் உடல் குறையுடைத்தாகும். அவ்வாறே கேட்போரை எண்ணாது செய்யப்பட்ட உரையும் குறையுடையதே. சொல்பவன் தன் சொல்லை முற்றாக முடித்துக்கொண்டு, பின்னர் அதனைக் கேட்பதற்கு ஆள் தேடுவதில்லை. கேட்பவர் இன்னார் என்பது சொல் பிறக்கும் பொழுதே அதனுள் அமைந்துவிடுகின்றது.

திருவள்ளுவரும் பொருட்பாலிலே சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனி வகுத்தார். சொல்வன்மை 65ஆம் அதிகாரம்; அவையறிதல் 72ஆம் அதிகாரம்; அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். பேச்சுப் போட்டிக்குச் செல்லும் மாணவர் அஞ்சாமையையே முதலிற் பழகுகின்றனர். வள்ளுவரோ அவையை அறிதலை முன்னும் அஞ்சாமையைப் பின்னும் வைத்தார். அவையை அறியாதவனுடைய அஞ்சாமை பயன் தராது என்பது அவ்வைப்பு முறையால் நாம் கொள்ளத்தக்க கருத்தாகும்.

யவன அறிஞர் கூறுவது

மேலைநாட்டிலே இப்பொருளை முறைப்பட ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் அரிஸ்தோத்தில். கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த இவர், சொற்பொழிவுக் கலை பற்றிய தம் நூலிலே கேட்போரை இணங்கச் செய்யும் வழிகள் மூன்று என்றார். முதலாவது, பேசுவோனுடைய பண்பு. இவன் நம்பத்தக்கவன் என்ற எண்ணம் கேட்போர்க்கு உண்டாதல் வேண்டும். இரண்டாவது, கேட்போரின் உள்ளத்து உணர்ச்சி. இரக்கம், சினம், அச்சம், நாணம் முதலியன எழும்போது ஒருவர் தீர்ப்பு வேறுபடுகின்றது. மூன்றாவது, சொல்லப்படும் நியாயம். இவற்றை யவனர் முறையே ஈதோஸ், பாதோஸ், லோகோஸ் என்பர்.

பேச்சினையும் அவர் மூவகைப்படுத்தினார். இனிச் செய்ய வேண்டுவது யாது என்று ஆராயும் அவையிற் பேசுவது ஒன்று. நடந்து முடிந்த செயல் நீதியா அநீதியா என்று நீதிமன்றத்திற் பேசுவது ஒன்று. விழாவிலே ஒருவரைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ பேசுவது ஒன்று. முதலாவது எதிர்காலத்தையும், இரண்டாவது இறந்தகாலத்தையும், மூன்றாவது பெரும்பாலும் நிகழ்காலத்தையும் பற்றியன. இவ்வாறு பகுத்தமைக்கு அவர் கூறும் காரணம் நோக்கத்தக்கது. கேட்பவர் மூவகையினர் ஆதலால் பேச்சும் மூவகையாயிற்று என்பர். தொல்காப்பியனாரும் அரிஸ்தோத்திலும் ஒருவரை ஒருவர் அறியாதவர்; ஆயினும் கேட்போரிடமிருந்தே சொல்லின் வடிவம் பிறக்கின்றது என்பதில் இருவரும் ஒத்த கருத்தினர்.

ஒரு புலவர், நான்கு பாடல்கள்

இக்கருத்துக்கள் செயலில் எவ்வாறு அமைகின்றன என்பதைக் காண்பதற்குப் புறநானூற்றிலே சிறந்த இடம் உண்டு. 44ஆம் பாடல் முதல் 47ஆம் பாடல் ஈறாக உள்ள நான்கினையும் பாடியவர் கோவூர்கிழார் என்னும் ஒரே புலவர். நான்கும் சோழர்குடியினரை நோக்கியன. நான்கிலும் உயிர்கள் ஊசலாடுகின்றன. ஆயினும் நான்கும் நான்கு வகையாகப் பேசுகின்றன.

ஆவூர்க் கோட்டையின் கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி உள்ளே இருக்கின்றான். வெளியே நலங்கிள்ளியின் முற்றுகை. உள்ளிருக்கும் யானைகள் நீராடவும் இல்லை, உணவு பெறவும் இல்லை. குழந்தைகள் பாலின்றி அழுகின்றன. மகளிர் கூந்தலிற் பூவில்லை. இவற்றை அரசன் கண்முன் நிறுத்திய பின்னர்ப் புலவர் இரண்டு வழிகளை அவனுக்குக் காட்டுகின்றார். அறத்தை விரும்பினால் இது உன்னுடையது என்று கூறிக் கதவைத் திற. மறத்தை விரும்பினால் போர் செய்வதற்குத் திற. இரண்டுமின்றி மதிலின் ஒருபுறத்தில் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்பது அவர் முடிபு. இங்கே புலவர் தொடுவது அரசனின் நாண உணர்ச்சியை. நாணமில்லாத ஒருவனிடம் இப்பேச்சுச் செல்லாது. நெடுங்கிள்ளி வீரன் என்று தன்னை மதித்துக்கொள்பவன். ஆதலினாலேயே அவனிடம் இது சொல்லத்தக்கதாயிற்று.

அடுத்த பாடலிலே உறையூர் முற்றுகை. இப்பொழுது கேட்போர் இருவர். முற்றியிருப்பவனும் அடைத்திருப்பவனும் ஒருங்கே கேட்கின்றனர். ஒருவனை நாணச் செய்யும் பேச்சு இங்கே உதவாது; அது மற்றவனை மகிழ்விக்கும். இதனை உணர்ந்த புலவர் மாலைகளைச் சுட்டிக் காட்டுகின்றார். எதிர்த்து நிற்பவன் அணிந்திருப்பது சேரரின் பனம்பூவும் அன்று. பாண்டியரின் வேப்பம்பூவும் அன்று. உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. உங்களுள் யார் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்லுதலோ இயலாது. உங்கள் போரைக் கண்டு பிற வேந்தரே மகிழ்வர். இதிலே கண்ணீரில்லை, கடுஞ்சொல்லும் இல்லை. இருவரும் மறுக்க இயலாத நியாயமே இருக்கின்றது. இருவருக்கும் பொதுவான ஒன்றைத் தேடிக் கண்டு, அதன்மீது நின்று பேசுகின்றார் புலவர்.

46ஆம் பாடலின் நிகழ்ச்சி நெஞ்சை நடுங்கச் செய்வது. கிள்ளிவளவன், மலையமானுடைய மக்களை யானைக் காலில் இட முற்படுகின்றான். மன்றிலே அச்சிறுவர்கள் நிற்கின்றனர். யானையும் வந்துவிட்டது. நீண்ட உரைக்குப் பொழுதில்லை. புலவர் பாடியன ஒரு சில அடிகளே. புறாவின் துன்பத்தைத் தீர்த்தவனது மரபிலே வந்தவன் நீ என்று அரசனுக்கு அவன் குலப்பெருமையை முதலில் நினைவூட்டுகின்றார். இவர்களோ, அறிவால் வாழும் புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்போரின் வழியினர் என்று அடுத்துக் கூறுகின்றார். பின்னர்ச் சிறுவர்களைக் காட்டுகின்றார். யானையைக் கண்ட வியப்பினால் அவர்கள் தம் அழுகையையே மறந்துவிட்டனர். பழக்கமில்லாத மன்றத்தை மருண்டு பார்க்கின்றனர். முன் அறியாத புதுத் துன்பம் அவர்களைப் பற்றுகின்றது. யான் சொல்ல வேண்டியதைக் கேட்டாய்; இனி நீ விரும்பியதைச் செய் என்று முடிக்கின்றார்.

அரிஸ்தோத்தில் கூறியவற்றுள் நியாயமும் உணர்ச்சியும் இச்சிறு பாடலில் அமைந்திருத்தலைக் காண்க. குலத்தைக் கூறியது கேட்போனுடைய பண்பைத் தொட்டது. மலையமான் குடியின் கொடையைக் கூறியது நியாயம். புலவரைப் புரந்த குடியை அழித்தல் தகாது என்பது அதனுள் அடங்கும். சிறுவரைக் காட்டியது உணர்ச்சி. ஆயினும் யானைக் காலில் நசுங்கும் உடலையோ குருதியையோ அவர் கூறவில்லை. குழந்தை யானையை வேடிக்கை பார்க்கின்றது என்ற ஒன்றையே கூறினார். மிகைப்படுத்தியிருப்பின் அரசன் தன்னைக் கொடியவன் என்று இகழ்வதாகக் கருதிச் சினந்திருப்பான். உண்மையை உள்ளவாறு காட்டியமையால் அவன் தானே கண்டு இரங்குதற்கு இடமுண்டாயிற்று.

47ஆம் பாடலோ ஒரு புலவனைக் காத்தற்கு எழுந்தது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். ஐயங் கொண்டவனிடம் இரக்கத்தை வேண்டினால் ஐயம் மிகும். குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது போலாகிவிடும். ஆதலாற் கோவூர்கிழார், பரிசிலர் வாழ்க்கை இத்தகையது என்று விளக்குகின்றார். பறவைபோற் பல வழியுங் கடந்து வள்ளல்களைத் தேடுவர், பாடுவர், பெற்றதைக் கொண்டு மகிழ்வர், சுற்றத்தை உண்பித்துத் தாமும் உண்பர், மிச்சம் வைத்துக் காவார். இவ்வாழ்க்கையால் எவர்க்கேனும் தீங்கு உண்டோ? கல்வியிலே தம்மொடு மாறுபட்டாரை வென்று தலைநிமிர்ந்து நடப்பதன்றிப் பிறிதொரு தீங்கும் அவர் அறியார். இது வழக்குமன்றத்துக்குரிய பேச்சு. நெடுங்கிள்ளி கொண்ட ஐயத்துக்குப் புலவர் வாழ்வின் இயல்பையே சான்றாக நிறுத்தி விடையளிக்கின்றது.

45, 46, 47 ஆகிய மூன்றுக்கும் துறை துணைவஞ்சி. வெல்லவும் கொல்லவும் முற்படும் வேந்தனைத் தடுத்து அமைதிப்படுத்துதல் அத்துறையின் பொருள். துறை ஒன்றாயினும், கேட்போரும் களமும் மாறியவுடன் சொல்லும் மாறியது. துறை, புலவர்க்கு அரசனை இடித்துரைக்கும் உரிமையைத் தந்தது. கேட்போரை அறிந்த அறிவே எதைச் சொல்வது என்பதைத் தெரிவித்தது.

இன்னும் ஒன்று கூறல் வேண்டும். 46, 47ஆம் பாடல்களின் அடிக்குறிப்புக்கள் புலவர் பாடி உயிர்களை உய்யக்கொண்டார் என்று தெரிவிக்கின்றன. 45ஆம் பாடலின் குறிப்பு அவர் பாடியதை மட்டுமே கூறுகின்றது. நெடுங்கிள்ளி காரியாற்றுத் துஞ்சியவன் என்றே பெயர் பெற்றான். செம்மையாகச் சொல்லப்பட்ட சொல்லும் எல்லா வேளையும் வெல்வதில்லை. ஏனெனில் முடிவு செய்யும் உரிமை கேட்பவரிடமே உள்ளது. அவ்வுரிமையை மதித்துப் பேசுவதே அறவுரை. அதனைப் பறிக்க முயல்வது வஞ்சகம். விரும்பியதைச் செய் என்று கிள்ளிவளவனிடம் கூறிய புலவர் இவ்வெல்லையை நன்கு அறிந்தவர்.

நாவலர் கையாண்ட முறை

பிற்காலத்திலே நம் நாட்டில் இந்நெறியைக் கையாண்டவருள் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் (1822–1879) முதன்மையானவர். அவர் 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும், பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தும் பெற்ற பழக்கத்தால், ஆலயப் பிரசங்கம் என்னும் பேச்சு வடிவின் ஆற்றலை அவர் நேரில் அறிந்திருந்தார். புராணபடனம் பழகிய செவிகளுக்கு அப்புது வடிவைச் சைவ மரபோடு இயைத்து வழங்கினார்.

எழுத்திலும் அவர் அவையறிந்தவரே. சிறுவர்க்குப் பாலபாடம் எழுதியபோது சிறு வாக்கியங்களால் எழுதினார். பெரியபுராணத்தைச் செய்யுளாகப் படிக்க இயலாதார் பொருட்டு வசனமாக்கினார். 1854ஆம் ஆண்டில் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திலோ எதிர்த்தரப்பாரின் கண்டனங்களுக்கு விடை கூறும்போது, அவர்கள் ஏற்றுக்கொண்ட விவிலிய நூலிலிருந்தே சான்றுகளை எடுத்துக் காட்டினார். ஆகமத்தை ஏற்காதவரிடம் ஆகமத்தை மாத்திரம் காட்டிப் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். இரு சோழர்க்கும் பொதுவான ஆத்திக் கண்ணியைக் கோவூர்கிழார் தேடிக் கண்டது போன்றதே இதுவும். கேட்போர் முன்னரே ஏற்றுக்கொண்டிருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குபவனே அவரை மற்றொன்றுக்கு அழைத்துச் செல்ல வல்லவன்.

யான் தவறிய இடம்

இவற்றையெல்லாம் வகுப்பிலே பலமுறை படிப்பித்த யான் ஒருமுறை பெரிதும் தவறினேன். அதனை ஈண்டுக் கூறுதல் மாணவர்க்குப் பயன்படும் என்று கருதுகின்றேன்.

யான் வாழும் ஊரிலே, பாடசாலைக்குச் செல்லும் பாதையில் ஒரு மதகு உடைந்து கிடந்தது. மாரிகாலத்திலே பிள்ளைகள் முழங்கால் அளவு வெள்ளத்தில் இறங்கிச் செல்ல வேண்டும். உரிய கந்தோருக்கு ஒரு மகஜர் எழுதித் தருமாறு ஊரவர் என்னைக் கேட்டனர். தமிழாசிரியரல்லவா என்ற நம்பிக்கை அவர்களுக்கு. யான் நான்கு தாள்கள் எழுதினேன். ஊரின் தொன்மை, கோயிலின் சிறப்பு, வயல்வளம், கல்வியின் பெருமை என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றன. மதகு மூன்றாம் தாளின் நடுவிலேதான் வந்தது. படித்துக் காட்டியபோது எல்லாரும் பாராட்டினர், யானும் மகிழ்ந்தேன். கந்தோரிலிருந்து மறுமொழி வரவில்லை. அந்த மாரியிலே என் வகுப்பு மாணவன் ஒருவன் அவ்விடத்தில் வழுக்கி விழுந்து வலக்கை முறிந்தான்.

அதன்பின் அவனுடைய தாயார், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், தம் கைப்பட ஒரு தாளில் எழுதினார். மதகு எந்த ஒழுங்கையில் எத்தனையாவது மைல்கல்லுக்கு அருகில் உள்ளது. நாள்தோறும் எத்தனை பிள்ளைகள் அதனைக் கடக்கின்றனர். எந்த நாளில் தம் மகன் விழுந்தான். முன்பு எந்த நாளில் மகஜர் அனுப்பப்பட்டது. ஐயா ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். இவ்வளவே. இரண்டு வாரத்துக்குள் அலுவலர் வந்து பார்த்தார். அடுத்த மாரிக்கு முன் மதகு கட்டப்பட்டது.

அவ்வம்மையார் தொல்காப்பியம் கற்றவரல்லர். ஆயினும் தம் எழுத்தைப் படிக்கப்போகின்றவர் யார், அவருக்கு என்ன தெரிந்தால் அவரால் ஒன்று செய்ய முடியும், அவரைச் செய்யுமாறு கேட்பது எது என்பவற்றை எண்ணி எழுதினார். யான் எண்ணியதோ ஊரவர் என் தமிழைப் புகழ்வதை. என் மகஜரின் உண்மையான கேட்போர் கந்தோர் அலுவலர் அல்லர். என் முன்னே திண்ணையில் இருந்த ஊரவரே. விழாவிற்குரிய பேச்சை விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். அம்மாணவன் இப்பொழுது நன்றாக எழுதுகின்றான். ஆயினும் அவன் கையை முழுதும் நீட்டமாட்டாமல் கரும்பலகையில் எழுதிய நாட்கள் என் நினைவை விட்டு நீங்கவில்லை.

மாணவர்க்குச் சில சொற்கள்

மாணவ நண்பர்களே, ஒன்றை எழுதுவதற்கு முன்னும் பேசுவதற்கு முன்னும் நான்கு வினாக்களை உங்களுக்குள்ளே எழுப்புங்கள். இதனைக் கேட்பவர் யார்? அவர் முன்னரே ஏற்றுக்கொண்டிருப்பது யாது? இவ்விடத்திற்கும் இப்பொழுதிற்கும் உரிய வடிவம் கடிதமா, விண்ணப்பமா, வாதமா, வாழ்த்தா? கேட்டபின் அவர் யாது செய்ய வேண்டும் என்று விரும்புகின்றேன்? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின் எழுதுங்கள். எழுதி முடித்தபின், இதிற் கேட்போர்க்காக எழுதியது எவ்வளவு, என் புகழுக்காக எழுதியது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவதை நீக்கிவிட்டால் பெரும்பாலும் கட்டுரை செம்மையாகும்.

உணர்ச்சியைத் தூண்டுதல் எளிது. சினத்தையும் அச்சத்தையும் தூண்டுதல் அதனினும் எளிது. மேடைகளில் அவ்வாறு பேசிக் கைதட்டல் பெறுவோரை நீங்கள் காண்பீர்கள். அவர் சொல்வது உண்மையா, நியாயமுடையதா, கேட்பவர் ஆறுதலாகச் சிந்திப்பதற்கு இடம் விடுகின்றதா என்று ஆராய்ந்து பாருங்கள். பேசக் கற்பவன் கேட்கவும் கற்க வேண்டும். பிறர் சொல்லில் உள்ள உத்திகளை அறிந்தவன் எளிதில் ஏமாறான்.

நம் கல்லூரியிலிருந்து வெளியேறிய பழைய மாணவர்கள் இன்று நீதிமன்றங்களிலும் வைத்தியசாலைகளிலும் கந்தோர்களிலும் வயல்களிலும் கடல்கடந்த நாடுகளிலும் பணிபுரிகின்றனர். ஒவ்வொருவர் முன்னும் ஒவ்வோர் அவை உண்டு. மன்றில் நிற்கும் சிறுவர்க்காக ஒரு சொல் கூற வேண்டிய வேளை எவர்க்கும் வரலாம். அவ்வேளையில் உண்மையானதும் உரியதும் சுருங்கியதுமான சொல் நம் நாவில் எழுவதாக. இந்த ஜூபிலி ஆண்டிலே நம் கல்லூரி அன்னை தன் மக்களுக்கு அத்தகைய சொல்லை என்றும் அருளுமாறு இறைவன் திருவடிகளை இறைஞ்சி அமைகின்றேன்.